சிங்கத்தின் கழுத்தில் ஒரு நகக்குறி

"உடனே கிளம்பி வா" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா ஃபோனை வைத்ததோடு போன வாரம் நின்றோம். மூத்தவள் வேறென்ன செய்வாள்? பாதியில் இருந்த பல் செட்டை அப்படியே லேப் மேஜையில் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினாள். அப்பாவுக்கு நெஞ்சு வலியோ என்னவோ என்று வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தாள். வந்து பார்த்தால் அப்பா குளித்து, சலவைச் சட்டை மாட்டி, கூடத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார்.

நெஞ்சு வலியாகவே இருந்திருந்தால் தேவலை என்று இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளே நினைக்கப் போகிறாள்.

அம்மா அவளைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"மியூசியத்துல இருந்து ஆள் வருது. உங்கப்பா அலமாரியை மொத்தமா குடுக்கப் போறாராம்."

"குடுக்கட்டுமே. விட்டது பீடைன்னு இரு. இதுக்கா என்னை இப்படி அலறி அடிச்சுட்டு வரவெச்சே?"

"சும்மா வாங்கிக்க மாட்டாங்களாம்டி. ஒவ்வொண்ணையும் லைட் அடிச்சு சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் எடுத்துக்குவாங்களாம்."

மூத்தவள் தண்ணீர் பிடிக்க எடுத்த டம்ளரை அப்படியே வைத்தாள்.

"என்ன லைட்டு?"

"எனக்கென்ன தெரியும்? ஊதா லைட்டுன்னாரு."

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக, அம்மாவின் முகம் ஏன் வெளுத்துக் கிடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அப்பா கப்பலில் என்ஜினியராக உலகம் சுற்றியவர். ஓய்வு பெற்று எத்தனையோ காலமாகியும் தெருவில் அவருக்குக் கப்பல்காரர் என்றுதான் பேர். கூட வேலை பார்த்தவர்கள் துறைமுகத்துக்குத் துறைமுகம் சென்ட் பாட்டிலும் டேப் ரிக்கார்டரும் வாங்கினார்கள். இவர் வாங்கியது வேறு சரக்கு. குகையில் இருந்தவன் தோல் சீவிய கல்துண்டு. சிப்பியில் துளை போட்ட பாசிமணி. வெண்கல அம்புமுனை, மண் விளக்கு, கவணில் வைத்து எறிந்த ஈயக் குண்டு, பாதிப் பல் போன எலும்புச் சீப்பு, பூட்டு இல்லாத சாவி, ஏதோ ஒரு சண்டையில் செத்த ஏதோ ஒரு சிப்பாயின் கோட்டுப் பொத்தான். எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான்கள். எல்லாமே அசல், கடைக்காரன் கையெழுத்துப் போட்ட அத்தாட்சி இல்லாமல் ஒரு கூழாங்கல்லைக்கூட அவர் தொட்டதில்லை.

ஒரு காலத்துக்கு ஒன்று என்பது அவர் திட்டம். மனுஷன் குகையில் கிடந்ததிலிருந்து கோட்டு மாட்டிக்கொண்டது வரைக்கும் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் வரிசையாக இருந்தான். கட்டின பெண்டாட்டிக்கும் பெற்ற பிள்ளைகளுக்கும்தான் அந்த வரிசையில் இடமில்லை.

அந்த வீட்டில் ஒரு சட்டம். எதையும் ஒரு கையால் எடுக்கக் கூடாது. எடுத்தால் "ரெண்டு கை!" என்று ஒரு சத்தம் வரும், சுவரெல்லாம் அதிரும். பிள்ளைகள் தண்ணீர் டம்ளரைக்கூட இரண்டு கையாலும் வாங்கிப் பழகின. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து, என்ன மரியாதை, என்ன வளர்ப்பு என்று மெச்சிவிட்டுப் போவார்கள். மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது. பயம்.

அடிக்கிற மனுஷன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தப்பு செய்தால் பேச மாட்டார், அவ்வளவுதான். ஒரு தடவை அம்மா பாசிமணியைப் பெட்டி மாற்றி வைத்துவிட்டாள். அடுத்த கப்பல் ஏறுகிற வரைக்கும் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. துறைமுகத்துக்கு வழியனுப்பப் போனவளை ஏறிட்டும் பார்க்காமல், பக்கத்தில் நின்ற மூத்தவளிடம் "உங்கம்மாவை வீட்டுக்குப் போகச் சொல்லு" என்றார். அடி வாங்கியிருந்தால்கூட அம்மா அப்படி அழுதிருக்க மாட்டாள்.

அத்தனை சாமானிலும் அவர் உயிரை வைத்திருந்தது ஒரு மண் சிங்கத்தின் மேல். கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் எவனோ ஈர மண்ணில் பிடித்து நெருப்பில் சுட்டது. காலையில் எழுந்ததும் அலமாரியைத் திறந்து, இரண்டு கையாலும் அதை எடுத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத்தான் காபியே.

ஏழெட்டு வருஷம் முன்னால் ஒரு காலை, அந்தச் சிங்கம் பெட்டியில் இல்லை. அப்போது வீட்டில் இருந்தவர்கள் அவர், அம்மா, சின்னவன். சின்னவன் அந்த வாரம்தான் பைக் கேட்டு மூக்குடைபட்டிருந்தான். கப்பல்காரருக்கு வேறு யோசனையே வரவில்லை. "வித்துட்டியாடா?" என்று கேட்டார். இல்லை என்றான். "பொம்மையோட வா. இல்லாட்டி இந்த வாசப்படி மிதிக்காதே" என்றார். சின்னவன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் போய்விட்டான்.

அன்றைக்குச் சாயங்காலமே சிங்கம் பெட்டிக்குத் திரும்பிவிட்டது. சின்னவன் திரும்பவில்லை. இப்போது வேறு ஊரில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறான். அவனாகவே கல்யாணம் செய்துகொண்டான். அக்காவோடு மட்டும் பேச்சு உண்டு, அதுவும் எப்போதாவது.

சிங்கம் அந்தப் பகல் முழுக்க எங்கே போயிருந்தது என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று அந்த இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள்தான் இப்போது சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறார்கள்.

"லைட் அடிச்சா தெரியுமாடி?"

மூத்தவளுக்குத் தொழில் பல் கட்டுவது. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள், இவள் லேபில் உட்கார்ந்து பல்லாகச் செய்து அனுப்புவாள். அவள் கட்டின பல்லோடு கல்யாண ஃபோட்டோவில் சிரித்தவர்கள் உண்டு. அது கட்டின பல் என்று பக்கத்தில் நின்றவளுக்கே தெரியாது. அப்பாவுக்கு அந்தத் தொழிலே ஆகாது. "நான் அசலைத் தேடி உலகத்தைச் சுத்தினேன். எனக்குப் பொறந்தது போலி பண்ணி ஊருக்கு அனுப்புது" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கேட்டவர்களும் சிரிப்பார்கள். இவளும் சிரித்து வைப்பாள்.

அன்றைக்கு அம்மா கைப்பைக்குள் சிங்கத்தை இரண்டு துண்டாகக் கொண்டு வந்து கொட்டியபோது, மூத்தவள் லேபில் இருப்பதிலேயே உசத்தியான சாமானைத்தான் எடுத்தாள். முன்பல்லுக்குப் போடுகிற பிசின். மண் நிறத்துக்குச் சாயம் சேர்த்து, தலையையும் உடம்பையும் பொருத்தி, நீல விளக்கில் இறுக வைத்து, கழுத்தோரம் இருந்த சின்னப் பள்ளம் ஒன்றையும் நிரப்பி, வழவழவென்று மெருகு போட்டுக் கொடுத்தாள். கை வைத்த இடம் தெரியக் கூடாது என்பது அவள் தொழிலில் முதல் பாடம்.

அந்தப் பிசினில் ஒரு சங்கதி உண்டு. நிஜப் பல் ஊதா விளக்கில் வெள்ளை வெளேரென்று மின்னும். கட்டின பல் மின்னாவிட்டால், விளக்கைப் போட்டு ஆட்டம் போடுகிற இடத்தில் வாயைத் திறந்தவனுக்கு நடுப்பல் ஓட்டையாகத் தெரியும். அந்த மானத்தைக் காப்பாற்றுவதற்கென்றே, நிஜம் போலவே மின்னும்படி செய்த சாமான் அது. கடையில் விற்கிற ஏதாவது பசையால் ஒட்டியிருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பாள்.

"சொல்லேன்டி. தெரியுமா, தெரியாதா?"

"பளிச்சுன்னு தெரியும்மா."

அம்மா சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப முன்னாடியே சொல்லிடலாமா?"

"இத்தனை வருஷம் கழிச்சா?"

"நீ போய் சொல்லேன். நீ சொன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"நான் எதுக்குச் சொல்லணும்? உடைச்சது நீ."

"ஒட்டினது நீதானே?"

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் அவமானமாக இருந்தது. அதற்குள் வாசல் மணி அடித்துவிட்டது.

மியூசியத்திலிருந்து வந்த பெண்ணுக்குச் சின்ன வயசு. நல்ல ஜலதோஷம் வேறு. கையில் ஒரு தகரப் பெட்டி. வந்ததும் மேஜை மேல் துணி விரித்து, அதன் மேல் மெத்தென்று ஒரு திண்டு வைத்து, கையுறை மாட்டிக்கொண்டு, "ஜன்னலெல்லாம் சாத்திடலாமா சார்?" என்று கேட்டாள்.

அம்மா திரைகளை இழுத்துவிட்டு உள்ளே திரும்பினாள்.

"எங்கே போறே?" என்றார் கப்பல்காரர். "இங்கேயே இரு. நீயும் உட்காரு" என்றார் மகளைப் பார்த்து. "இத்தனை வருஷம் கூட இருந்த சாமானை அனுப்பறோம். எல்லாரும் இருக்கணும்ல."

அவர் குரலில் ஒரு விருந்து உபசாரம் இருந்தது.

ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தார். இரண்டு கையாலும் எடுத்து வைத்தார். அந்தப் பெண் பூதக்கண்ணாடியில் பார்ப்பாள், மூக்கை உறிஞ்சுவாள், கையில் டார்ச் மாதிரி இருந்ததை அமுக்கி ஊதா வெளிச்சத்தைப் பாய்ச்சுவாள். கல்துண்டு ஒன்றும் சொல்லாமல் கிடந்தது. "நல்லா இருக்கு சார். அசல்." பாசிமணி, அசல். அம்புமுனை, அசல். ஒவ்வொரு தடவையும் கப்பல்காரர் பரீட்சையில் பாஸானவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சீப்பு வந்தபோது சிரித்தார். "என் பொண்ணு பல் கட்டறவ. ஸ்கூல்ல படிக்கும்போதே, இந்தச் சீப்புக்குப் பல் வெச்சுத் தரட்டுமாப்பான்னு கேட்டா. கையை உடைச்சுடுவேன்னேன்."

அந்தப் பெண்ணும் மரியாதைக்குச் சிரித்தாள். மூத்தவள் தரையைப் பார்த்தாள். அப்பா தன்னிடம் சொன்ன வார்த்தைகளில் அவளுக்கு மறக்காமல் இருக்கிற சிலவற்றில் அதுவும் ஒன்று. அப்பாவுக்கு ஏதாவது செய்துகொடுக்கலாம் என்று ஆசையாகக் கேட்ட பிள்ளை அவள்.

வரிசைப்படி முன்னாலேயே வந்திருக்க வேண்டிய சிங்கத்தை அவர் கடைசிக்கு வைத்திருந்தார். பொத்தான் வரைக்கும் முடிந்த பிறகு எழுந்து போய் அதன் பெட்டியை எடுத்து வந்தார். மூடியைத் திறக்கும்போது மேஜையைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"

அம்மாவின் வாய் லேசாகத் திறந்தது. மூத்தவள் அம்மா சொல்லட்டும் என்று இருந்தாள். அம்மா மூத்தவளைப் பார்த்தாள்.

"இல்லையா? சரி. நீங்க பாருங்கம்மா."

ஊதா வெளிச்சம் பட்டதும் சிங்கத்தின் கழுத்தில், வெள்ளை நூல் கட்டியது போல ஒரு கோடு ஒளிர்ந்தது. ஓரத்தில் ஒரு பொட்டும்.

அந்தப் பெண் விளக்கை அணைத்து மறுபடி போட்டாள். "இது ஒட்டினது சார்."

"அப்படியா?"

"பொம்மை அசல்தான், அதுல சந்தேகமே இல்லை. கழுத்து எப்பவோ உடைஞ்சு, பல்லுக்குப் போடற பிசின் வெச்சு ஒட்டியிருக்காங்க. ரொம்ப சுத்தமான வேலை. லைட் இல்லைன்னா நானே ஏமாந்திருப்பேன்." தும்மிவிட்டுத் தொடர்ந்தாள். "இதனால ஒண்ணும் குறைஞ்சு போயிடல சார். எங்ககிட்ட இருக்கறதுல முக்காவாசி உடைஞ்சு ஒட்டினதுதான். எப்ப உடைஞ்சது, யார் ஒட்டினதுன்னு உண்மையைச் சொல்லிட்டா பக்கத்துல எழுதி வெச்சுடுவோம். அவ்ளோதான்."

அவ்வளவுதான். ஒரு வீட்டைப் பாதியாக உடைத்துப் போட்ட சங்கதிக்கு அந்தப் பெண் வைத்திருந்த வார்த்தை அதுதான்.

"கேக்கறாங்கல்ல?" என்றார் கப்பல்காரர். "சொல்லுங்க."



"நான்தான் ஒட்டினேன்" என்றாள் மூத்தவள்.

"உடைச்சது?"

"நான்" என்றாள் அம்மா. அவள் குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த அந்தப் பெண் கையுறையைக் கழற்றினாள். "வண்டில பெட்டி இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனாள். ஜலதோஷம் பிடித்திருந்தாலும் மூளை தெளிவாக வேலை செய்கிற பெண்.

கப்பல்காரர் சிங்கத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். சத்தம் போடப் போகிறார் என்று இருவரும் உடம்பைக் குறுக்கிக்கொண்டார்கள். அவர் சத்தம் போடவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்னது?"

"அன்னிக்குச் சாயங்காலமே தெரியும்." சிங்கத்தின் கழுத்தைக் காட்டினார். "இங்க ஒரு நகக்குறி இருந்துச்சு. செஞ்சவனோட நகம். ஈர மண்ணுல கழுத்தைப் பிடிக்கும்போது அழுந்தியிருக்கு. நாலாயிரம் வருஷமா அப்படியே இருந்துச்சு. தினமும் காலையில என் நகத்தை அதுல வெச்சுப் பார்ப்பேன். சரியா உக்காரும். அன்னிக்கு வெச்சேன். வழுக்கிட்டுப் போச்சு." மகளைப் பார்த்தார். "நீ அதை ஓட்டைன்னு நினைச்சு அடைச்சுட்டே. மெருகு வேற."

அந்தப் பள்ளத்தை நிரப்பியது மூத்தவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ரொம்பவும் அக்கறையாக நிரப்பினாள்.

"பள்ளம்னு நினைச்சேன்ப்பா" என்றாள். பிறகு அப்பா சொன்னதன் முழு அர்த்தமும் அவளுக்கு உறைத்தது. "அப்ப தம்பி எடுக்கலைன்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கூப்பிடல?"

"நீங்க வந்து சொல்லுவீங்கன்னு பார்த்தேன்." முதல் தடவையாக அவர் குரல் தடுமாறியது. "ரெண்டு பேர்ல ஒருத்தர் வாயைத் திறந்திருந்தா, அந்த நிமிஷமே போய் அவனைக் கூட்டிட்டு வந்திருப்பேன். இன்னிக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். பொம்மை போனா போகட்டும். பெத்த புள்ளைக்காகக்கூட உங்க வாயில இருந்து உண்மை வரலையே? கடைசியில வெளியாளைக் கூப்பிட்டு லைட் அடிச்சுப் பார்க்க வேண்டியதாச்சு."

எனக்கு இந்த இடத்தில் மூன்று பேர் மேலேயும் கோபம் வருகிறது. யாரை முதலில் திட்டுவது என்றுதான் தெரியவில்லை. நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அம்மா எழுந்து நின்றாள். அவர் எதிரில் அவள் அப்படி நேராக நின்று மூத்தவள் பார்த்ததில்லை.

"சோதிச்சுப் பார்த்தீங்களா எங்களை?"

"நான் என்ன..."

"அலமாரில இருக்கற சாமானை அசலா போலியான்னு சோதிக்கிற மாதிரி, எங்களையும் வெச்சு சோதிச்சிருக்கீங்க. தப்பு என்னுதுதான். நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். என் புள்ளை வாசல்ல நிக்கறான், என் தோள்ல பை தொங்குது, அந்தப் பைக்குள்ளதான் சிங்கம் கிடக்கு. வாயைத் திறந்திருக்கணும். திறக்கல. நான் நல்ல அம்மா இல்ல. அதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு இத்தனை வருஷம் வேணுமா?"

"சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்?"

"பேசாம இருந்திருப்பீங்க." அம்மா முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. கண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது. "எதுக்கு அதை எடுத்தேன்னு ஒரு தடவை கேளுங்களேன். தூசி தட்ட எடுக்கல. தினமும் எந்திரிச்சதும் அதைத்தானே பார்க்கறீங்க? பக்கத்துல நான் காபியோட நிப்பேன், திரும்ப மாட்டீங்க. அப்படி என்னதான் அதுல இருக்கு, நான்தான் பார்ப்போமேன்னு எடுத்தேன். ரெண்டு கையாலதான் எடுத்தேன். உங்களை நினைச்சா கை நடுங்குச்சு. விழுந்துடுச்சு."

கப்பல்காரர் கையில் சிங்கத்தை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அவனைக் கூப்பிடு" என்று அம்மா மகளிடம் கையை நீட்டினாள்.

"அம்மா, இப்ப வேணாமே. வேலையில இருப்பான்..."

"கூப்பிடுடி."

மூத்தவளின் ஃபோன் லேபில் ஓடுகிற மெஷின் இரைச்சலுக்காகச் சத்தம் கூட்டி வைத்தது. மணி போவது கூடம் முழுக்கக் கேட்டது. எடுத்துவிட்டான்.

"சொல்லுக்கா."

"நான் அம்மாடா."

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு இரும்புக் கதவு மூடுகிற சத்தம்.

"நான்தான்டா உடைச்சேன். அந்தச் சிங்கத்தை. நான்தான் எடுத்துட்டுப் போய் அக்காகிட்ட குடுத்து ஒட்டினேன்."

"தெரியும்மா."

அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். நீ சொன்னாயா என்று கேட்கிற பார்வை. மூத்தவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"நீ பைக்குள்ள வைக்கும்போதே பார்த்தேன்" என்றான் சின்னவன். "அலமாரி கண்ணாடில தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன்டா சொல்லாம போனே? இவர் கேக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நான் சொன்னா உன்கிட்ட பேசறதை நிறுத்திடுவாரு." என்றான். "நீ சொல்லுவேன்னு பார்த்தேன்மா. வாசல்ல நின்னேன்ல? அதுக்குத்தான் நின்னேன்."

கூடத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்பனும் பிள்ளையும் ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு ஊரில், இத்தனை வருஷம் இருந்திருக்கிறார்கள்.

"அவரு பக்கத்துல இருக்காரா?" என்றான் சின்னவன்.

"இருக்காருடா."

"குடு."

அம்மா ஃபோனை நீட்டினாள். கப்பல்காரர் எழுந்தார். அவர் முகத்தில் ஒரு பரபரப்பு வந்ததை மூத்தவள் பார்த்தாள். பேச வேண்டும் என்று அவருக்கு இருந்தது. இதில் சந்தேகமே வேண்டாம், மனசார இருந்தது.

கையில் சிங்கம் இருந்தது. இரண்டு கையிலும்.

ஒரு கையை விட்டிருக்கலாம். மேஜை மேல் அப்படியே வைத்திருக்கலாம், திண்டுகூட அங்கேயே இருந்தது. அவருக்கு அது தோன்றவில்லை. திரும்பி, பெட்டியைப் பக்கத்தில் நகர்த்தி, பஞ்சில் சிங்கத்தின் கால் படிகிற பள்ளத்தைப் பார்த்து, அதில் மெதுவாக இறக்கினார். பொம்மை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நிமிர்த்தி வைத்தார்.

"ஹலோ" என்றது ஃபோன்.

பஞ்சை இரண்டு பக்கமும் அணைத்துவிட்டார். மூடியை எடுத்தார்.

"ஹலோ... சரி, வேணாம் விடும்மா."

அவர் திரும்பிக் கையை நீட்டியபோது ஃபோனில் சத்தம் நின்றுவிட்டிருந்தது. நீட்டின கை நீட்டினபடி இருந்தது. "கட் ஆயிடுச்சா?" என்றார். மூத்தவள் மறுபடி அடித்துப் பார்த்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

அம்மா அறைக்குள் போனாள். வரும்போது தோளில் கைப்பை இருந்தது. அதே பழைய கறுப்புப் பை, வார் மட்டும் மாற்றியது.

"வண்டியை எடு" என்றாள் மகளிடம்.

"எங்கே போறே?" என்றார் கப்பல்காரர்.

"என் புள்ளை வீட்டுக்கு."

"அவன் வரச் சொல்லலையே?"

"சொல்லலை. கதவைத் திறக்கிறானோ இல்லையோ. வாசல்லயாவது நிக்கறேன். அவன் நின்னான்ல."

மூத்தவள் சாவியைத் தேடி எடுத்தாள். அப்பாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், "சாப்பாடு மூடி வெச்சிருக்குப்பா" என்றாள். அவருக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

வாசலில் மியூசியத்துப் பெண் காலிப் பெட்டியோடு நின்றிருந்தாள். அம்மா வருவதைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டாள். கூடத்தில் திரைகள் இன்னும் மூடியே இருந்தன. அந்த அரை இருட்டிலிருந்து அவர் குரல் வந்தது. ஆயிரம் தடவை அவர் கப்பலேறிப் போகும்போது அம்மா அவரிடம் கேட்ட கேள்வி அது. அவர் அவளிடம் கேட்பது இதுதான் முதல் தடவை.

"எப்ப திரும்பி வருவே?"

அம்மா படியில் நின்றாள். திரும்பவில்லை.

"நீங்க வந்து கூப்பிடறீங்களான்னு பார்க்கறேன்" என்றாள்.